பிரேக் பைப்புக்கு டபுள் பிளேர் போடுவது எப்படி? வெட்டுவதிலிருந்து ஏர் எடுப்பது வரை

சேர்வராயன் மலையில் ஓடுகிற வண்டியை ஜாக்கியில் தூக்கினால், பிரேக் பைப் எங்கே கெட்டிருக்கும் என்று பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். பைப்பைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில்தான். எஸ்டேட் பாதைச் சேறு அங்கே போய் அப்பிக்கொள்ளும், ஏற்காட்டுப் பனியில் அது லேசில் காயாது. வெளியே பைப் நல்லபடியாகத்தான் தெரியும். கிளிப்பை எடுத்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். பின் ஆக்ஸில் மேலேயும், டீசல் டேங்கை ஒட்டிப் போகும் இடத்திலும் இதே கதை.

ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டிப் பாருங்கள். துரு போய் வழவழப்பான உலோகம் தெரிந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். குழி விழுந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். டயரில் இருக்கும் 30 பி.எஸ்.ஐ. அழுத்தம் எங்கே, அவசரத்துக்கு பிரேக்கை அழுத்தினால் இந்தப் பைப்புக்குள் ஏறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பி.எஸ்.ஐ. எங்கே! குழி விழுந்த பைப் தெருமுனை பிரேக்குக்குத் தாங்கும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது தாங்கும் என்று நம்ப முடியாது.

இங்கே சொல்வதெல்லாம் ஆயில் பிரேக் உள்ள கார், ஜீப், வேன்களுக்கு. சங்ககிரி, நாமக்கல் லாரிகளில் இருப்பது ஏர் பிரேக். அதன் குழாயும், குழாயை இணைக்கும் யூனியனும் வேறு.

முதலில் எந்த பிளேர் என்று பாருங்கள்

பைப் முனையை விரித்து மடிப்பதற்குப் பெயர் பிளேர். நட்டை முறுக்கும்போது இந்த மடிப்பு எதிரே உள்ள இருக்கையில், அதாவது ஓட்டைக்குள் பிளேர் பொருந்தும் முகத்தில், நசுங்கி உட்கார்ந்துகொள்ளும். ஆயிலை அடைத்து நிறுத்துவது இந்த மடிப்புதான், நட்டின் மரை அல்ல. டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது என்பது இதனால்தான்.

பிரேக்கில் இரண்டு வகை உண்டு. டபுள் பிளேரில் முனை உள்பக்கமாக மடிந்து இரட்டைத் தடிப்போடு புனல் மாதிரி இருக்கும், 45 டிகிரி சாய்வு. பபிள் பிளேரில் முனை சின்னக் குமிழ் மாதிரி உப்பியிருக்கும். ஜப்பான் வழிக் கார்களிலும் பழைய ஜீப்புகளிலும் பெரும்பாலும் டபுள், ஐரோப்பிய வழி வண்டிகளில் பபிள். ஆனால் கழற்றிய பைப் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு. முனை சிதைந்திருந்தால் அது திருகியிருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் கூம்பு மேலே துருத்திக்கொண்டிருந்தால் டபுள், அடி குழிந்திருந்தால் பபிள்.

ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் முறுக்கும்போது இறுகினாற்போலத் தெரியும், பிறகு கசியும். டபுள் பிளேர் போடும்போது முதல் அழுத்தத்தில் ஒரு குமிழ் வரும். அதையே பபிள் பிளேர் என்று நினைத்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. உண்மையான பபிளின் பின்தோள் வடிவம் வேறு, அதற்குத் தனி டை (அச்சு) வேண்டும். இனி வருவது டபுள் பிளேருக்கான வேலை.

வாங்க வேண்டியவை

பெரும்பாலான கார், ஜீப்புகளில் பைப்பின் வெளிவிட்டம் 4.75 மி.மீ., அதாவது 3/16 அங்குலம். 25 அடி ரோலாகக் கிடைக்கும். நட்டு எம்10, 1.0 பிட்ச்சாக (10 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ.) இருக்கலாம், அல்லது 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரையாக இருக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். 3/8 நட்டு எம்10 ஓட்டைக்குள் லொடலொடவென்று சில சுற்று போகும், இறுக்கினால் மரை அறுந்துவிடும். பழைய நட்டைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

பைப் எது நல்லது? தொடக்கக்காரருக்குக் காப்பர்-நிக்கல். பத்தில் ஒன்பது பங்கு செம்பு, ஒரு பங்கு நிக்கல். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், பிளேரும் சுத்தமாக விழும். இரட்டைச் சுவர் ஸ்டீல் பைப்பும் சரிதான், கொஞ்சம் பலம் கூடுதலாகக் கேட்கும். ஏசி, ஃபிரிட்ஜுக்கு விற்கும் வெறும் செம்புக் குழாயை வாங்கிவிடாதீர்கள். நிறம் ஏமாற்றும், அதிர்வில் நாளடைவில் விரிசல் விடும். சேலம் ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊர் என்பதால் ஸ்டெயின்லெஸ் மேல் ஆசை வரலாம். கைத்திருகு டூலில் அது மடியாமல் வாய் பிளக்கும். ஹைட்ராலிக் டூல் இருப்பவர்களுக்கு விடுங்கள்.

டூல் விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் பிளேரிங் செட்டில் பைப்பைப் பிடிக்கும் பார் இருக்கும், கூம்பு வைத்த திருகு இருக்கும், அடாப்டர் இருக்காது. அதில் சிங்கிள் பிளேர் மட்டும்தான் வரும். பிரேக்குக்குச் சிங்கிள் பிளேர் ஆகவே ஆகாது, ஒற்றைத் தடிப்பு மடிப்பிலேயே கிழியும். நடுவில் ஊசி போன்ற முனையுள்ள சின்னச் சின்ன அடாப்டர்களோடு வரும் டபுள் பிளேரிங் செட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இவை போக மினி பைப் கட்டர், பொடி அரம், பிளேர் நட் ஸ்பேனர் (10 அல்லது 11 மி.மீ.), வைஸ், சீல் உடைக்காத பிரேக் ஆயில்.

பழையதைக் கழற்றுவது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடைகல் வைத்து, ஸ்டாண்ட் மேல் ஏற்றுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். நட்டுகளுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் ஆயில் விட்டுவையுங்கள்.

சாதா ஸ்பேனர் நட்டின் மூலைகளை வழித்துவிடும், பிளேர் நட் ஸ்பேனரே போடுங்கள். நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுகினால் நிறுத்தி, முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டுங்கள். பைப் எப்படியும் போகப்போகிறது என்றால் நட்டை ஒட்டி வெட்டிவிட்டு ஆறுபட்டை சாக்கெட் போட்டுக் கழற்றுவது உத்தமம்.

பைப்பைத் திறந்ததும் ஆயில் சொட்டிக்கொண்டே இருக்கும். பிரேக் பெடலை மூன்று நான்கு செ.மீ. கீழே தள்ளி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தால் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்தால் ஆயிலைப் பைப்புக்குள் தள்ளும் பாகம்) வாஷர் துளையை மூடிக்கொள்ளும், சொட்டு நிற்கும். அதற்கு முன் பேட்டரி வயரை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும். பெயிண்ட் மேல் ஆயில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், துடைத்தால் பரவும்.

பழைய பைப்பைத் தூக்கிப் போடாதீர்கள். வளைவுக்கு மாதிரி அதுதான். அதன் மேலேயே ஒரு கயிற்றை ஓட்டி நீளம் எடுத்து, மூன்று செ.மீ. கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டுவதும் வாய் சுத்தம் செய்வதும்

திருகை முறுக்கும்போதுதான் பிளேர் கெடுகிறது என்று நினைக்கிறோம். கெட்ட பிளேர்களில் முக்கால்வாசி அதற்கு முன்பே, இந்தக் கட்டத்தில் கெட்டவை. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

கட்டரைப் பைப்பில் மாட்டி, சக்கரம் தொட்டவுடன் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பிறகு குமிழை எட்டில் ஒரு பங்கு திருப்பி, மறுபடி ஒரு சுற்று. அவசரப்பட்டு இறுக்கினால் பைப் நீள்வட்டமாக நசுங்கும், வாய் உள்பக்கம் சுருங்கும். ஹேக்ஸா பிளேடு வேண்டாம். வெட்டு சாய்ந்துவிடும், பொடியும் உள்ளே போகும். அந்தப் பொடி வீல் சிலிண்டர் வரை போய் ரப்பர் வாஷரைக் கீறும்.

வெட்டியபின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு அரம் போடுங்கள், பிசிறு உள்ளே விழாது. முகம் தட்டையாக, பைப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். வெளிவிளிம்பை லேசாகச் சாய்த்து விடுங்கள். உள்வாயில் கட்டர் தள்ளிய விளிம்பை ரீமரால் சுரண்டுங்கள், அடாப்டரின் ஊசி தடையில்லாமல் நுழையும் வரைதான். அதற்கு மேல் சுரண்டினால் சுவர் மெலிந்து, மடிக்கும்போது பிளக்கும். கடைசியாகக் காற்று அடித்து ஊதிவிடுங்கள்.

பிளேர் போடுவது

1. நட்டை மாட்டுங்கள். மரைப்பக்கம் வெட்டிய முனையைப் பார்க்க வேண்டும். அழகாக பிளேர் போட்டபிறகு நட்டு மேஜைமேல் கிடப்பதைப் பார்க்காத மெக்கானிக் கிடையாது. இரண்டாவது முனையில் வேலை செய்யும்போது இன்னும் கவனம்: இரண்டு நட்டும் உள்ளே இருக்கிறதா, எதிரெதிர் திசையில் முனையைப் பார்க்கிறதா?

2. பாரின் 4.75 மி.மீ. ஓட்டையில், சாய்வு வெட்டு உள்ள பக்கம் மேலே இருக்க, பைப்பை வையுங்கள். பைப்பின் வெளிப்புறத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் துடைத்துவிடுங்கள், வழுக்கும்.

3. 4.75 அடாப்டரைக் கவிழ்த்துப் பாருக்குப் பக்கத்தில் வையுங்கள். அதன் தோளின் உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் பைப் பாருக்கு மேலே தெரிய வேண்டும். கண் மட்டத்தில் குனிந்து பாருங்கள். கூடினால் காளான் மாதிரி கவிழும், குறைந்தால் மடிப்பு முழுமையாக வராது.

4. பாரை இறுக்கும் நட்டுகளில் பைப்புக்கு அருகிலுள்ளதை முதலில் இறுக்கி, பிறகு மறுமுனை நட்டை இறுக்குங்கள். கைவிரல் பலம் போதாது, ஸ்பேனர் வைத்தே இறுக்குங்கள். இறுக்கியபின் உயரத்தை மறுபடி பாருங்கள், நகர்ந்திருக்கும்.

5. அடாப்டரின் ஊசியைப் பைப் வாயில் விட்டு, ஒரு சொட்டு பிரேக் ஆயில் தொட்டு, திருகை இறக்குங்கள். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ வேண்டாம், அவை பிரேக் ரப்பரை ஊதவைக்கும். அடாப்டர் சாயாமல் நேரே இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே, அதன் தோள் பாரில் முட்டும் வரை முறுக்குங்கள். முட்டியது கையில் தெரியும்.

6. திருகைத் தளர்த்தி அடாப்டரை எடுங்கள். பைப் முனை குமிழாக, வாய் உள்நோக்கிச் சுருண்டு நிற்கும்.

7. இப்போது அடாப்டர் இல்லாமல் கூம்பை நேரடியாக இறக்குங்கள். சுருண்ட வாய் உள்ளே மடிந்து இரட்டைத் தடிப்பாகும். பிடி விழுந்தவுடன் நிறுத்துங்கள். ‘இன்னும் கால் சுற்று’ என்று முறுக்கினால் உதடு மெலியும்.

கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பது லென்ஸை விட வசதி. புனல் பைப்பின் நடுவில் இருக்க வேண்டும், மடிப்பின் அகலம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், முடி அளவு கீறல்கூட இருக்கக் கூடாது. ஒருபக்கம் சாய்ந்திருந்தால் வெட்டு செங்குத்தாக இல்லை, அல்லது அடாப்டர் சாய்ந்து இறங்கியிருக்கிறது. விரிசல் இருந்தால் பிசிறு எடுக்கவில்லை, அல்லது அதிகமாகச் சுரண்டியிருக்கிறீர்கள். சின்னதாக இருந்தால் பைப் வழுக்கிக் கீழே இறங்கியிருக்கிறது. எதுவானாலும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அந்தக் கூடுதல் மூன்று செ.மீ. இதற்காகத்தான். வண்டிக்குப் போடும் முன் துண்டுப் பைப்பில் ஐந்தாறு பிளேர் போட்டுப் பழகுங்கள்.

வளைத்து மாட்டுவது

முனைக்கு அருகில் வளைவு வருமானால் பிளேர் முதலில், வளைவு பிறகு. வளைந்த பைப்பைப் பார் பிடிக்காது. வெறுங்கையால் மடிக்காமல், ஐந்து செ.மீ. விட்டமுள்ள குழாய் எதையாவது சுற்றி வளைத்தால் நசுங்காது. நசுங்கிய இடத்தை நிமிர்த்திப் பயன்படுத்த முடியாது.

இரண்டு முனை நட்டையும் விரலால் மூன்று நான்கு மரை ஏற்றியபிறகே கிளிப்பை மாட்டுங்கள். முதலிலேயே கிளிப் போட்டால் பைப் இழுத்து நிற்கும், மரை கோணலாக ஏறும். கிளிப் இடங்களில் சேற்றைச் சுரண்டித் துடையுங்கள், பழைய நோய் அங்கிருந்துதான் வந்தது. சைலன்சரை ஒட்டியோ, லீஃப் ஸ்பிரிங் பட்டையில் உரசியோ பைப் போகக் கூடாது. எம்10 நட்டுக்கு 12 முதல் 16 நியூட்டன் மீட்டர் இறுக்கம் என்பது பொதுக்கணக்கு. வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே செல்லும்.

ஏர் எடுப்பது

பைப்பைத் திறந்தபோது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது. பெடலுக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டர் மூடியில் எழுதியிருக்கும் டாட் எண்ணை (ஆயிலின் ரகம்) பார்த்து ஆயில் ஊற்றுங்கள். பாதி தீர்ந்து அலமாரியில் கிடந்த பாட்டில் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். புது டாட் 4 கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி ஆகும், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. மலை இறக்கத்தில் டிரம் சூடேறும்போது இந்த வித்தியாசம் காலில் தெரியும்: ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்.

மேனுவலில் வேறு வரிசை சொல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம்மூர் வண்டிகளில் அது பின் இடது. சக்கரத்தில் காற்றை வெளியே விடும் திருகான பிளீடர் நிப்பிளில், உள்ளே போவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவையுங்கள். உள்ளே இருப்பவர் அழுத்திப் பிடிக்க வேண்டும், நீங்கள் நிப்பிளைத் திறந்து மூடியபிறகுதான் காலை எடுக்க வேண்டும். “அமுக்குப்பா... பிடிச்சுக்கோ... இப்ப விடு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், நடுவில் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நிற்கும் வரை இதைச் செய்யுங்கள், மாஸ்டரில் ஆயில் வற்ற விடாதீர்கள். ஏபிஎஸ் வண்டிகளில் சிலவற்றுக்கு ஸ்கேனர் இல்லாமல் முழுக்காற்றும் வராது.

பிறகு பேட்டரி வயரை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் பெடலைப் பலம்கொண்ட மட்டும் ஒரு நிமிடம் மிதித்திருக்கட்டும். ஒவ்வொரு நட்டையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அளவு இறுக்கத்துக்கு மேல் ஒரு துளி இறுக்கலாம். அப்போதும் நிற்காவிட்டால் கழற்றி பிளேரைப் பாருங்கள், முறுக்கிக்கொண்டே போனால் இருக்கைதான் சிதையும். பெடல் மெதுவாகக் கீழே இறங்கினாலும் வண்டியை எடுக்கக் கூடாது.

முதல் ஓட்டம் சமதளத்தில், 20 கி.மீ. வேகத்துக்குள். அஸ்தம்பட்டி, கோரிமேடு என்று இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டி, நட்டுகளை மறுபடி பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். பேப்பர் காய்ந்தே வந்தால் அடிவாரம் தாண்டி மேலே ஏற்றலாம்.