ரெட் டாட் மாட்டியதும் காலி உறை சிக்கியது: காரணம் ஒரு ஸ்க்ரூ

பிஸ்டல் ஸ்லைடில் (சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகம்) ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறிபார்க்கும் சைட்) மாட்டியதிலிருந்து, சுட்ட தோட்டாவின் காலி உறைகள் சேம்பரிலேயே (தோட்டா அமரும் அறை) தங்கின. தோட்டாவை மாற்றினேன், சேம்பரைத் தேய்த்தேன், உறையை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் ஸ்பிரிங்கையும் புதிதாகப் போட்டேன். பலனில்லை. சைட்டைக் கழற்றினால் மட்டும் ஒழுங்காகச் சுட்டது. நாள்கணக்கில் மண்டை காய்ந்தது.

துப்பாக்கி காலிதான் என்று உறுதிசெய்து, ஸ்லைடைத் தனியே எடுத்து, எக்ஸ்ட்ராக்டரை அசைத்தபடியே சைட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களை முறுக்கினேன். இடதில் ஒன்றுமில்லை. வலது ஸ்க்ரூவின் கடைசிக் கால் சுற்றில் எக்ஸ்ட்ராக்டர் அசையாமல் நின்றது! இந்த மாடலில் அந்தத் துளைக்கு நேர் கீழேதான் எக்ஸ்ட்ராக்டரைத் தள்ளும் சிறு கம்பியான பிளஞ்சர் ஓடுகிறது. சைட்டுக்கு அடியில் வைக்கும் தகட்டோடு வந்த ஸ்க்ரூ நீளம் கூடி அதில் முட்டியிருக்கிறது. நுனியில் பளபளவென்று தேய்மானம்.

நுனியை அரத்தால் துளி குறைத்து, பிசிறு எடுத்தேன். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான திரெட்லாக்கர் மிகக் கொஞ்சம். வழிந்தால் பிளஞ்சரையே ஒட்டிவிடும். குறித்த விசைக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சில் முறுக்கி, ஜீரோவை (குறிபார்த்த இடத்திலேயே குண்டு படுகிறதா என்பதை) மறுபடி சரிபார்த்தேன். உறைகள் இப்போது தாராளமாகப் பறக்கின்றன.