பிள்ளையின் ஒப்படையிலிருந்து மவுஸை எடுங்கள்: வீட்டிலிருந்து டிசைன் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். என்னிடம் வேலை பழகிய பிள்ளை. இப்போது கலியாணம் முடித்து, இரண்டு குழந்தைகளோடு வீட்டிலிருந்தே கலியாணக் காட், பனர், கல்வெட்டு (செத்தவரின் நினைவாக அடிக்கும் புத்தகம்) எல்லாம் செய்து கொடுக்கிறாள். நன்றாகவே செய்கிறாள். நான் உள்ளே போன நேரம் மூத்தவனுடைய வாழ்த்தட்டை மேசையில் கிடந்தது. சிறுவர் தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள். அவன் பென்சிலால் கீறியதைப் போனில் படம் பிடித்து லப்டொப்பில் ஏற்றி, அதன் மேல் இவள் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் கதிரையின் முதுகைப் பிடித்து எட்டிப் பார்த்தபடி, "அம்மா, சூரியனுக்கு நான் மீசை வைச்சனான்" என்றான். "பொறு அப்பன், வடிவாக்கித் தாறன்" என்று சொல்லிக்கொண்டே மீசையை அழித்துவிட்டாள்.

மாமியார் தேத்தண்ணியோடு வந்து நின்றதால் நான் அங்கே வாய் திறக்கவில்லை. ஆனால் இதே வேலையை நானும் செய்திருக்கிறேன், அது என் வீட்டில் என்ன செய்தது என்றும் எனக்குத் தெரியும். அதனால் இதை எழுதுகிறேன், அவளுக்கும், அவளைப் போல ஒரு கண் திரையிலும் ஒரு கண் பிள்ளையிலுமாக இந்தத் தொழிலைத் தொடங்கியிருக்கிற எல்லோருக்கும்.

பிள்ளை அழுதால் போனைக் கையில் கொடுக்காதீர்கள், பைலை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள் என்பதெல்லாம் இங்கே வராது. அது உங்களுக்கே தெரியும்.

"அஞ்சு நிமிசம்" என்று சொல்வது

நாங்கள் சொல்லும் அஞ்சு நிமிசம் ஒருநாளும் அஞ்சு நிமிசம் இல்லை. எழுத்துருவை மாற்றிப் பார்ப்போம், பெயரை ஒரு நூல் மேலே தூக்குவோம், திரும்ப இறக்குவோம், முக்கால் மணித்தியாலம் போய்விடும். பிள்ளை ஒருதரம் வந்து கேட்கும், இரண்டாம் தரம் வந்து கேட்கும், பிறகு கேட்காது. கேட்காமல் விட்டதை நாங்கள் "பிள்ளை இப்ப குழப்படி இல்லை" என்று சந்தோசப்படுவோம். சில நாளில் "சாப்பிட வா" என்று நாங்கள் கூப்பிட, உள்ளேயிருந்து "அஞ்சு நிமிசம்" என்று பதில் வரும்.

நான் இப்போது நேரம் சொல்வதில்லை, வேலையைச் சொல்கிறேன். "இந்தப் பக்கம் முடிய எழும்புறன்." பக்கம் எங்கே முடிகிறது என்பது பிள்ளையின் கண்ணுக்கும் தெரியும். முடிந்தால் எழும்பத்தான் வேண்டும், அடுத்த பக்கம் எவ்வளவு இழுத்தாலும்.

விடிய ஆறரைக்கு ரொறன்ரோவோடு கதைப்பது

எங்கள் வேலையில் பெரும் பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. கனடாவில் இருக்கிற அன்ரிக்கு இரவுச் சாப்பாடு முடிந்து ஆறுதலாக உட்காரும் ஒன்பது மணி, இங்கே எங்களுக்குக் கோடை காலத்தில் விடிய ஆறரை. ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு, பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழில் சிவப்பு வேண்டுமா மெரூன் வேண்டுமா என்று கதைத்துக்கொண்டே சப்பாத்துக்கு நூல் கட்டிவிட்டால் என்ன நடக்கும்? பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் சப்பாத்தைக் கட்டத் தெரியாமல் போகும். நீங்கள் கட்டினால் அரை நிமிடம், அவன் கட்டினால் நாலு நிமிடம், அந்த நாலு நிமிடம் உங்களிடம் இல்லை. "அன்ரி, எட்டு மணிக்கு எடுக்கிறன்" என்று சொல்லிப் பாருங்கள். அங்கே அப்போது பத்தரை. முழித்திருப்பார்கள், இல்லாவிட்டால் குரல் பதிவு போட்டு வைப்பார்கள். இதற்காக ஒரு வாடிக்கையாளரைக்கூட நான் இழக்கவில்லை.

பிள்ளையின் வேலையைத் திருத்துவது

இதுதான் விஷயம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் எரிச்சல் வரும்.

மகள் தரம் 4 படித்த மாரி காலம். எங்கள் பக்கத்தில் கார்த்திகை, மார்கழி என்றால் மழையும் டெங்குவும் ஒன்றாகத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் டெங்கு ஒழிப்புச் சுவரொட்டி செய்துவரச் சொல்லியிருந்தார்கள். அவள் விறாந்தையில் குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டு பின்னேரம் செலவழித்துக் கீறினாள். ஒரு சிரட்டை. சிரட்டைக்கு ஒரு குட்டிக் கதவு. உள்ளே தண்ணீருக்கு மேல் ஒரு கட்டில், கட்டிலில் தலகணி வைத்து ஒரு நுளம்பு படுத்திருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை: "வீடு வாடகைக்கு". எழுத்து சரிந்து போயிருந்தது, கடைசி இரண்டு எழுத்துக்கு இடம் காணாமல் அவற்றைச் சின்னதாக்கி நெருக்கியிருந்தாள். நுளம்புக்கு எட்டுக் கால்.

"அம்மா, வடிவா இருக்கோ?" என்று கொண்டுவந்தாள். நான் கால்களை எண்ணினேன். நான் முதல் செய்தது அதைத்தான். பிறகு "இஞ்ச தா, அம்மா கொஞ்சம் வடிவாக்கித் தாறன்" என்று வாங்கி, ஒரு மணித்தியாலத்தில் இலஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் மென்பொருளில் வேறொன்று செய்தேன். சிவப்பு வட்டம், குறுக்கே ஒரு கோடு, நடுவில் இணையத்தில் எடுத்த ஒரு நுளம்பு, ஆறு கால், கீழே கொட்டை எழுத்தில் "டெங்குவை ஒழிப்போம்". ஏ3 தாளில் பிறின்ற் எடுத்துச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டேன்.

பரிசு கிடைத்தது. மண்டபத்துச் சுவரில் ஒட்டினார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது ரீச்சர் மகளைக் கூப்பிட்டு, "இதை எப்படியம்மா செய்தனீங்கள்?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டா. மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்த தவணையில் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு என் மேசையில், கீபோர்டுக்குப் பக்கத்தில், ஒரு சுற்றாடல் கொப்பி இருந்தது. நடுவில் ஒரு துண்டு: "நாளைக்குக் குடுக்கோணும்." கேட்கவில்லை, வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வாடிக்கையாளர்கள் விஷயத்தைத் தந்துவிட்டுப் போவார்களே, அப்படி. கூப்பிட்டு "நீயே கீறு பிள்ளை" என்றேன். "நான் கீறினா வடிவில்லை அம்மா. நீங்கள் செய்யுங்கோ" என்றாள். கோபமோ அடமோ அந்தக் குரலில் இல்லை, நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அது படத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புத்தகப்பை அடுக்குவதும் அம்மா வேலை ஆனது. தண்ணீர்ப் போத்தல் மறந்தால் அம்மா வைக்கவில்லை. வீட்டுப்பாடம் பிழைத்தால் அம்மா பார்க்கவில்லை. எந்த ஒன்றும் தன் கையில் முடியத் தேவையில்லை, பின்னால் ஒரு ஆள் வந்து நேராக்கும் என்பதை நான்தான் அந்தப் பிள்ளைக்குப் படிப்பித்து வைத்தேன். அதைத் திருப்பி எடுக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

மற்றப் பெற்றோரைவிட எங்களுக்கு இதில் ஆபத்துக் கூட. காலையிலிருந்து இரவு வரை ஆட்கள் அரைகுறையாகத் தருவதை நேராக்கி, ஒழுங்குபடுத்தி, வடிவாக்கிக் கொடுப்பதுதான் எங்கள் சோறு. அந்தக் கண் வேலை முடிந்தாலும் மூடாது. பிள்ளை மடித்து வைத்த உடுப்பின் விளிம்பு ஒன்றரை அங்குலம் வெளியே நிற்பது குசினியில் நிற்கிற எனக்குத் தெரியும். அதைத் திரும்ப மடித்தேனோ, அடுத்த கிழமை பிள்ளை உடுப்பு மடிக்காது. மகன் தும்புத்தடியால் முற்றம் கூட்டினால் ஒரு பக்கம் வேப்பம் சருகு அப்படியே கிடக்கும். கிடக்கட்டும். நாளைக்கும் சருகு விழும், நாளைக்கும் அவன்தான் கூட்டப் போகிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், டிசைன் செய்பவராகவே. அந்தப் பழைய தாள் பிறகு பிறின்றருக்குக் கீழே கிடந்து எடுபட்டது. எடுத்து வைத்துப் பார்த்தேன். டெங்கு நுளம்பு அழுக்குத் தண்ணியைத் தேடிப் போவதில்லை. சிரட்டை, பூச்சாடி, ரயர் என்று வீட்டைச் சுற்றி மழைத்தண்ணி தேங்கும் இடத்தில் முட்டை இடும், ஒரு கிழமை, பத்து நாளில் அந்த முட்டை பறக்கிற நுளம்பாகிவிடும். அதாவது வீடு கொடுப்பது நாங்கள்தான். "வீடு வாடகைக்கு" என்ற ஒரு பலகையில் ஒன்பது வயதுப் பிள்ளை அதை முழுவதுமாகச் சொல்லியிருக்கிறாள். என்னுடைய சிவப்பு வட்டம் எதையுமே சொல்லவில்லை. எங்கள் தொழிலில் கருத்து முதல், மினுக்கல் பிறகு என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற நான், கால் கணக்குப் பிழை என்று கருத்தைத் தூக்கி எறிந்திருக்கிறேன். அந்தத் தாள் இப்போது என் மேசைக்கு மேலே சுவரில் இருக்கிறது, எட்டுக் காலோடு.

அப்போ பிள்ளை கேட்டால் உதவவே கூடாதா? உதவலாம். நான் வைத்திருக்கிற ஒழுங்கு இது: பிள்ளையின் தாளில் என் பென்சில் படாது, பிள்ளையின் பைலில் என் கை மவுஸைத் தொடாது. கேள்வி மட்டும் கேட்பேன், அதுவும் ஒன்று. "இதைக் கொண்டுபோய் அந்தச் சுவரில் பிடி, தூர நின்று பார், எது முதல் தெரியுது?" அவ்வளவுதான். மிச்சத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள், அல்லது கண்டுபிடிக்க மாட்டார்கள். கை துடித்தால் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன். இந்த ஒழுங்குக்குப் பிறகு மகள் தனியே செய்த முதல் ஒப்படைக்குப் புள்ளி குறைவாகத்தான் வந்தது, அழுதாள், பக்கத்தில் இருந்தேன், திருத்திக் கொடுக்கவில்லை. அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளையின் படத்தை மாதிரிக்குப் போடுவது

நடன உடுப்பில் நின்ற பத்து வயது மகளின் படத்தைச் சாமத்திய வீட்டு அழைப்பிதழ் மாதிரியில் போட்டு முகநூலில் ஏற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். அது வகுப்புத் தோழிகளின் தாய்மாருடைய வட்ஸ்அப்புக்குப் போய்ச் சேர இரண்டு நாள் ஆகவில்லை. அந்தப் பிள்ளை ஒரு கிழமை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நின்றது. போடாதீர்கள்.

வேலைக் கொம்பியூட்டரைப் பொதுவாக விடுவது

தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல்.

அம்மம்மாவிடம் சொல்லாமல் சட்டம் போடுவது

நீங்கள் பிள்ளையைக் கழுவச் சொன்ன கோப்பையை அம்மம்மா கழுவி வைத்துவிடுவா. முதலில் அவவோடு இருந்து கதையுங்கள்.

வேலையைப் பிள்ளையிடமிருந்து ஒளித்துச் செய்வது

பிள்ளைகள் படுத்த பிறகு இரவிரவாக முடிக்கலாம் என்று நானும் பல வருடம் ஓட்டினேன். கல்வெட்டு வேலை தெரியும்தானே, கல்வெட்டைக் கொடுக்கும் அந்தியேட்டிக் கிரியை 31ஆம் நாள், விஷயம் கைக்கு வருவது அநேகமாகக் கடைசிக் கிழமையில். தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல், பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் துப்பரவாக்குவது, எல்லாம் நாலைந்து நாளுக்குள். அப்படி ஒரு இரவு ஒன்றரை மணிக்கு வம்சாவளியை முடித்து அனுப்பினேன். ஒரு பேத்தியின் பெயர் விடுபட்டுவிட்டது. முந்நூறு புத்தகம் அடித்து வந்த பிறகுதான் வீட்டுக்காரர் கண்டார்கள். செத்த வீட்டில் நிற்கிறவர்களுக்கு முன்னால் போய் நின்று என்ன சொல்வது? அந்தப் பிள்ளைக்கு அப்போது ஏழு வயதாம், தன் பெயரைத் தேடிப் பார்த்ததாம். பெயர் அடித்த துண்டை ஒவ்வொரு புத்தகத்திலும் என் கையால் ஒட்டிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பெயர் சரிபார்ப்பு பகலில்தான், அதுவும் பிள்ளைகளோடு. வீட்டுக்காரர் எழுதித் தந்த தாளை நான் வைத்திருப்பேன், பிறின்ற் எடுத்த பக்கத்தை மகன் சத்தமாக வாசிப்பான், ஒவ்வொரு பெயருக்கும் நான் சரி போடுவேன். மகனுக்குப் பதினொரு வயது. விளையாட்டாகத்தான் தொடங்கினான், இப்போது அது அவனுடைய வேலை. இதற்குக் காசு கொடுக்கிறேன், சாப்பிட்ட கோப்பை கழுவுவதற்குக் கொடுப்பதில்லை. சிலருக்கு இது பிடிக்காது, எனக்குச் சரியாகப் படுகிறது.

போன மாதம் ஒரு கல்வெட்டில் ஒரே ஆளின் பெயர் வரலாற்றில் 'ஷ' போட்டும் வம்சாவளியில் 'ச' போட்டும் வந்திருந்தது. எனக்கு வீட்டுக்காரர் தந்ததே அப்படித்தான், அச்சகம் பூட்டும் நேரமும் ஆகிவிட்டது, அனுப்பப் போனேன். அவன் தாளை மடியில் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றான். "அம்மா, அவையளிட்ட கேளுங்கோ. அவற்ற பெயர் எது எண்டு எங்களுக்குத் தெரியாதுதானே." போன் எடுத்தேன், வீட்டில் ஒருவரும் தூக்கவில்லை. அந்தப் பைல் அடுத்த நாள் காலை, அவன் பள்ளிக்கூடம் வெளிக்கிட்ட பிறகு, 'ச' போட்டுத்தான் அச்சகத்துக்குப் போனது.