சொந்தக் காட்டில் வெள்ளம் தடுக்க மண் அணை போடுவது எப்படி?

மேட்டிலிருந்து ஐப்பசி மழைத் தண்ணீர் மொத்தமாக இறங்கி, கீழ்க்காட்டு மண்ணை அள்ளிக்கொண்டு போகும். அதைத் தடுக்கத்தான் எங்கள் பட்டா நிலத்துப் பள்ளத்தின் குறுக்கே ஆறடிக்கு மண் கரை போட்டோம். இது குட்டை இல்லை. மழை கொட்டும்போது தண்ணீரைப் பிடித்துவைத்து, கரைக்கு அடியில் பதித்த குழாய் வழியாக மெதுவாக விடும். அப்புறம் காலியாகவே கிடக்கும். நிரம்பிய குட்டையில் அடுத்த வெள்ளத்துக்கு இடமேது?

முதலில் புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தைப் பாருங்கள். ஓடை புறம்போக்கு என்றால் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. அடுத்து, எவ்வளவு தண்ணீர் வரும் என்ற கணக்கு: ஓர் ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4 லட்சம் லிட்டர். கரைக்குக் கீழே வீடு இருந்தால் பொறியாளர் இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

மேல்மண்ணையும் வேரையும் வழித்தெடுத்து, கெட்டித் தரை வரும்வரை கடைகால் தோண்டி, களி கலந்த செம்மண்ணால் நிரப்புங்கள். கரிசல் மட்டும் போட்டால் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்.

இனி குழாய். மண் கரைகள் பல இங்கேதான் உடைகின்றன. குழாயின் வயிற்றுக்கு அடியில், இரு பக்கமும், மண் இடிக்கும் திம்மிசுக்கட்டை எட்டாது. அந்த இடுக்கில் மண் பொலபொலவென்று நிற்கும். தண்ணீர் அதன் வழியே ஓடிப் பொந்தாக்கிவிடும். அதனால் குழாயின் கீழ்ப்பாதியைக் கான்கிரீட்டில் உட்கார வையுங்கள். அடியில் மணல் மெத்தை வேண்டவே வேண்டாம். மணல் வெளிச்சரிவுப் பக்கம் மட்டும்: அங்கே குழாயைச் சுற்றிப் போட்டால் கசியும் தண்ணீர் வெளியேறும், மண் நின்றுவிடும். நான் பிவிசியைவிட ஆர்சிசி குழாயைத்தான் சொல்வேன். மேலே பாரம் ஏறினாலும் வளையாது. உள்வாயில் சருகு அடைக்காமல் கம்பிக் கூண்டு வையுங்கள்.

கரையை அரையடி அரையடியாகப் போட்டு ரோலர் ஓட்டுங்கள். ஜேசிபி சக்கரம் ஏறி இறங்கினால் போதும் என்பார்கள், போதாது. மண்ணைக் கையில் பிடித்து உருட்டிக் கீழே போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். தூளானால் தண்ணீர் தெளியுங்கள். அப்பிக்கொண்டால் காய விடுங்கள். சரிவு, ஓரடி உயரத்துக்கு உள்ளே மூன்றடி, வெளியே இரண்டடி.

மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலிங்கைக் கரை மேல் வைக்காதீர்கள். பக்கத்து வெட்டாத தரையில், கரை உச்சிக்கு இரண்டடியாவது கீழே, அகலமாக விடுங்கள். அமெரிக்காவில் ஜான்ஸ்டவுன் ஊருக்கு மேலே ஒரு தனியார் கிளப் வைத்திருந்த மண் அணையில், அடியில் இருந்த குழாய்கள் ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருந்தன. மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் வலை கட்டியிருந்தார்கள். 1889 மே 31 அன்று தண்ணீர் கரை மேல் ஏறி அணை உடைந்தது. 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பிற்சேர்க்கை: கரையில் தென்னை வைக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எந்த மரமும் வேண்டாம். வேர் செத்தால் அது பொந்துதான். அருகம்புல் போதும். எலி வளையைக் கண்ட அன்றே தோண்டி, மண் போட்டு இடியுங்கள். மழை நாளில் வெளிச்சரிவில் கசிவு தெளிவாக வந்தால் கவனித்து வாருங்கள். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது; கீழே இருப்பவர்களை உடனே மேட்டுக்கு அனுப்புங்கள்.