மருந்து போட்டதும் செல் குறைந்தது, சரி, அடங்கியதா, செத்ததா?

ரத்தத்திலிருந்து பிரித்த டி செல்களை (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) ஆய்வகத் தட்டின் குழிகளில் வைத்துப் பெருகும்படி தூண்டிவிட்டு, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தையும் சேர்க்கிறோம். மூன்று நாள் கழித்து எண்ணினால் செல்கள் குறைவு. உடனே 'மருந்து அடக்கிவிட்டது' என்று எழுதிவிடுவார்கள். செல்கள் செத்தும் போயிருக்கலாமே! வெறும் எண்ணிக்கையை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, இறந்த செல்லைக் காட்டும் சாயம் போன்ற ஒன்றும் வேண்டும். நிறமாற்றத்தை வைத்துச் செல்களை மதிப்பிடும் எம்டிடி சோதனையும் இங்கே காலை வாரும். அது அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை, உயிரை அல்ல.

நான் பெரிதாக நினைக்கும் தவறு, எல்லா மருந்துக்கும் ஒரே அளவுகோல் வைப்பது. சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் செல்லுக்குள் இருக்கும் கால்சினியூரின் என்ற நொதியைத் தடுக்கின்றன. டி செல்லைப் பெருகச் சொல்லும் சமிக்ஞைப் புரதமான இன்டர்லூகின்-2-இன் உற்பத்தியே படுத்துவிடும். சிரோலிமஸ் பிடிப்பதும் டாக்ரோலிமஸ் பிடிக்கும் அதே எஃப்கேபிபி-12 புரதத்தைத்தான். ஆனால் சிரோலிமஸ் முடக்குவது, செல் வளர்ச்சியை இயக்கும் எம்டார் என்ற நொதியை. இன்டர்லூகின்-2 சுரந்துகொண்டிருக்கும், செல்தான் அதற்குச் செவிசாய்க்காது. இன்டர்லூகின்-2 மட்டும் அளந்தால் சிரோலிமஸ் வேலையே செய்யாத மருந்தாகத் தெரியும். ஊடகத்தில் (செல் வளரும் திரவத்தில்) வெளியிலிருந்து இன்டர்லூகின்-2 ஊற்றி வளர்ப்பவருக்கு நேர்மாறான ஏமாற்றம்: சைக்ளோஸ்போரினின் விளைவு கணிசமாக மறைந்துபோகலாம்.

மருந்தின் வடிவத்தையும் பாருங்கள். சைக்ளோபாஸ்பமைடு கல்லீரலில் மாற்றமடைந்த பிறகே வேலை செய்யும். தட்டில் கல்லீரல் ஏது? அதை அப்படியே சேர்த்துவிட்டு 'விளைவு இல்லை' என்பது மருந்தின் குற்றமல்ல. உடலில் மைக்கோபினோலிக் அமிலமாக மாறி வேலை செய்யும் மைக்கோபினோலேட் மோஃபெட்டிலுக்குப் பதில், நேராக அந்த அமிலத்தையே போடலாம். செல் பெருகத் தேவையான குவானோசின் வகைப் பொருள்களின் உற்பத்திப் பாதையை அது அடைக்கிறது. அதோடு குவானோசின் சேர்த்த ஒரு குழியும் வையுங்கள். அங்கே செல்கள் மீண்டும் பெருகினால், மருந்து அடக்கியது அந்தப் பாதையை அடைத்துத்தான் என்று துணிந்து சொல்லலாம்.

அளவு இன்னொரு பள்ளம். 10 மைக்ரோமோலார் சைக்ளோஸ்போரின் சின்ன எண்ணாகத் தோன்றும். கணக்குப் போட்டால் மில்லிலிட்டருக்குச் சுமார் 12,000 நானோகிராம். உறுப்பு மாற்று நோயாளிகளிடம், அடுத்த வேளை மருந்துக்கு முன் ரத்தத்தில் பொதுவாக எதிர்பார்ப்பது 100 முதல் 300 வரைதான். அதையும் நேராக ஒப்பிட முடியாது. ரத்தத்தில் மருந்தின் ஏறக்குறைய பாதி சிவப்பணுக்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஊடகத்தில் சிவப்பணுவே இல்லை. போதாக்குறைக்கு, நீரை வெறுக்கும் இந்த மருந்து பிளாஸ்டிக்கிலும் ஒட்டும்.

அப்புறம், கரைப்பான் மட்டும் சேர்த்த குழி. மருந்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தால், எல்லாக் குழியிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும், மருந்தே போடாத குழியிலும்கூட. இல்லாவிட்டால் விளைவு மருந்தாலா, கரைப்பானாலா என்று தெரியாது.