வீட்டுக் கூரையில் சூரிய மின்சாரம்: அரசு உதவியைக் கணக்குப் பார்த்துப் பெறுவது எப்படி?

கூரையில் சூரியத் தகடு பொருத்த எண்ணும் கோலாலம்பூர்வாசி, ஒரு கிலோவாட்டுக்கு 1,000 ரிங்கிட் வீதம் 4,000 ரிங்கிட் வரை ரொக்கம் வழங்கிய சோலாரிஸ் திட்டம் முடிந்துவிட்டது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மின்வலைக்கு அனுப்பிய யூனிட்டை ஒன்றுக்கு ஒன்றாகக் கழித்துக்கொடுத்த நெம் ரக்யாட் திட்டமும் 2025 ஜூன் 30-உடன் மூடப்பட்டது. இவற்றைச் சொல்லி விற்க வருபவரை வாசலோடு அனுப்பிவிடலாம். இன்று நடப்பில் இருப்பது, 2026 ஜனவரி 1-இல் தொடங்கிய சோலார் அத்தாப் திட்டம். அத்தாப் என்றால் மலாயில் கூரை; தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த விளக்கம் தேவையில்லை.

இத்திட்டத்தில் உதவி, பில்லில் கழிவாகவே வருகிறது. இதன் நுணுக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் தகடு வாங்குவதே பலரும் செய்யும் பிழை. மாதம் 1,500 யூனிட்டுக்கு மேற்படாத வீட்டுக்கு, 2025 ஜூலைக் கட்டண அமைப்பின்படி ஒரு யூனிட்டின் விலை, எரிசக்திக் கட்டணம் 27.03 சென், கொள்ளளவுக் கட்டணம் 4.55 சென், வலையமைப்புக் கட்டணம் 12.85 சென் ஆகியவை சேர்ந்து 44.43 சென். பகலில் நீங்களே பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் இந்த முழுத் தொகையையும் மிச்சப்படுத்துகிறது. மிஞ்சி வெளியே போகும் யூனிட்டுக்கோ எரிசக்திக் கட்டணம் மட்டுமே வரவாகிறது. அந்த வரவும் அதே மாதப் பில்லில்தான் கழியும். அடுத்த மாதத்திற்கு நகராது.

மாதம் 600 யூனிட் செலவாகும் வீட்டில் தகடுகள் 500 யூனிட் தருவதாகக் கொள்வோம். அதில் 200 யூனிட்டைப் பகலிலேயே பயன்படுத்தினால் மிச்சம் 88.86 ரிங்கிட், வெளியே போகும் 300 யூனிட்டுக்குக் கிடைப்பது 81.09 ரிங்கிட். ஊக்கத் தொகைகளையும் இதர சேர்க்கைகளையும் இக்கணக்கில் சேர்க்கவில்லை. துணி துவைப்பதையும் சமையலறை வேலையையும் பகலுக்கு மாற்றினால் முதல் தொகை உயரும். வீட்டில் எல்லோரும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்களானால் சிறிய அமைப்பே போதும் என்பது என் கருத்து. ஒருமுனை மின்னிணைப்புக்கு 5 கிலோவாட், மும்முனைக்கு 15 கிலோவாட் என்பது உச்ச வரம்புதான்; அந்த அளவுக்கு வாங்கியே ஆக வேண்டுமென்பதில்லை.

ஆகவே முதல் வேலை, பன்னிரண்டு மாதப் பில்களை மேசையில் பரப்பி மாதாந்தர யூனிட்டைக் குறித்துக்கொள்வது. அப்போதே பில்லில் உள்ள பெயரையும் பாருங்கள். செந்தூலில் எங்கள் வீட்டு மீட்டர் காலமான அப்பாவின் பெயரிலேயே இருந்ததால், பெயர் மாற்றிய பிறகே விண்ணப்பம் நகர்ந்தது. அதற்கே சில வாரங்கள் ஓடிவிட்டன.

அடுத்து கூரை. பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் நமக்குத் தெற்கு நோக்கிய கூரைதான் வேண்டுமென்ற கட்டாயமில்லை. பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும் இந்நகரில் கிழக்குச் சரிவும் நன்றாகவே உழைக்கும். பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரத்தின் நிழல் விழுகிறதா என்பதே முக்கியம்.

பிறகு, சேடா எனப்படும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்தில் பதிவுபெற்ற நிறுவனங்களில் மூன்றிடமிருந்தாவது விலைப்பட்டியல் வாங்குங்கள். விண்ணப்பத்தை அந்நிறுவனமே அனுப்பும். அனுமதி கிடைத்து, தகடு பொருத்தியதும், மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனல், வாங்கும் மின்சாரத்தையும் அனுப்பும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டரைப் பொருத்தும். சொந்த நிறுவனம் நடத்துபவர்களுக்குப் பசுமை முதலீட்டு வரிச்சலுகை தனியாக உண்டு. அதைக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், மாதச் சேமிப்பு என்று விற்பனையாளர் எழுதிக்கொடுக்கும் தொகையில் எத்தனை யூனிட்டை 44.43 சென்னிலும் எத்தனையை 27.03 சென்னிலும் கணக்கிட்டார் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றையும் உயர்ந்த விலையிலேயே பெருக்கியிருந்தால், அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.