ஏற்பியை அடக்கும் கைனேஸைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்பி என்பது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் புரதம்; கைனேஸ் என்பது புரதங்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றும் நொதி. சோதனைக்குழாயில் ஒரு நொதி ஏற்பியின் மீது பாஸ்பேட்டை ஏற்றிவிட்டால், அந்த ஏற்பியைக் கட்டுப்படுத்தும் கைனேஸ் அதுதான் என்று எழுதிவிடக் கை துடிக்கும். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன. நொதியையும் பாஸ்பேட்டைத் தரும் ஏடிபியையும் தாராளமாகக் கொடுத்து நேரமும் விட்டால், செல்லுக்குள் அந்த ஏற்பியின் பக்கமே போகாத கைனேஸ்கூட பாஸ்பேட்டை ஏற்றும். புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லில், பாஸ்பேட் ஏறியதைக் காட்டும் கறுப்புப் பட்டை தெரிந்தால் போதாது. ஒரு மோல் ஏற்பிக்கு எத்தனை மோல் பாஸ்பேட் ஏறியது என்று கணக்கிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, ஏற்பி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது. பீட்டா அட்ரினலின் ஏற்பியில் பாஸ்பேட்டை ஏற்றுவது பிகேஏ என்ற கைனேஸ் என்று அறிந்திருந்த காலத்தில், பிகேஏ இல்லாத எஸ்49 லிம்போமா (நிணநீர்ப் புற்று) செல்களிலும் தூண்டப்பட்ட ஏற்பியில் பாஸ்பேட் ஏறியது. அந்தச் செல்களிலிருந்துதான் 1986ல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் குழுவினர் புதிய கைனேஸ் ஒன்றை அடையாளம் கண்டார்கள். இன்று அதன் பெயர் ஜிஆர்கே2. தூண்டும் மருந்து வந்து அமர்ந்த ஏற்பிதான் அதற்கு இலக்கு. வெறும் ஏற்பியை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் கையிலிருந்தே நழுவியிருக்கும். ஏற்பியிலிருந்து வெட்டியெடுத்த குட்டிப் பெப்டைடும் (புரதத் துண்டும்) இவ்வகைக் கைனேஸுக்கு மோசமான இலக்குதான். எனவே வெறும் ஏற்பி, தூண்டியோடு ஒன்று, தடுப்பு மருந்தோடு ஒன்று என மூன்றையும் சேர்த்தே சோதியுங்கள்.

கைனேஸின் வேலையை நிறுத்தும் தடுப்பான்கள் விஷயத்திலும் கவனம் வேண்டும். பிகேஏ தடுப்பான் என்று விற்கப்படும் எச்-89 வேறு பல கைனேஸ்களையும் தடுக்கும். அதை மட்டும் நம்பி முடிவு சொல்லாதீர்கள்.

சரி, ஒப்பிட்டுப் பார்க்கக் கைனேஸின் செயலிழந்த திடீர்மாற்ற வடிவம் இருக்கிறதே என்பீர்கள். அது அவசியம்தான். உங்கள் நொதியோடு ஒட்டிக்கொண்டு வந்த வேறு கைனேஸ் வேலை செய்கிறதா என்பதை அது காட்டிவிடும். ஆனால் செல்லுக்குள் அதுவும் சும்மா இருப்பதில்லை. ஜிஆர்கே2-இல் 220ஆம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தை மாற்றினால் பாஸ்பேட் ஏற்றும் திறன் போய்விடும். ஏற்பியின் சமிக்ஞையை உள்ளே கொண்டுபோகும் ஜி புரதத்தின் துண்டுகளைப் பிடித்து வைக்கும் பகுதிகள் அப்படியே இருக்கும். அந்த வடிவத்தை மிகையாக உற்பத்தி செய்தால், பாஸ்பேட்டே ஏறாமல் சமிக்ஞை குறையலாம்.

கைவேலையில் ஒன்று: ஏழு முறை சவ்வைக் கடக்கும் ஏற்பியின் மாதிரியை ஜெல்லில் ஏற்றும் முன் கொதிக்க வைக்காதீர்கள். திரண்டு மேலேயே சிக்கிக்கொள்ளும்.

அப்புறம், பாஸ்பேட் ஏறியதும் ஏற்பி அடங்கிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஜிஆர்கே2-ஐத் தூய்மைப்படுத்தத் தூய்மைப்படுத்த, ஏற்பியை அடக்கும் திறன் குறைந்துகொண்டே வந்தது. கூடவே இருந்த ஒரு புரதம் விலகிப் போனதுதான் காரணம். பாஸ்பேட் ஏறிய ஏற்பியில் ஒட்டி அதை அடக்கும் பீட்டா அரெஸ்டின் என்ற புரதத்துக்கு வழிகாட்டியது இந்தக் குறைதான். ஆகவே அரெஸ்டினோடும் அது இல்லாமலும், ஜி புரதம் எவ்வளவு தூண்டப்படுகிறது என்று தனியே அளந்து பாருங்கள்.