பழைய காரில் எக்ஸாஸ்ட் பாகங்களை மாற்றுவது எப்படி

பழைய வண்டியில் புது சைலன்சரை மாட்டுவது சுலபம். பழையதைக் கழற்றுவதில்தான் நேரம் போகும். முந்தின நாள் ராத்திரியே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள்.

பாகம் வாங்கும் முன் குழாய் நெடுகச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் தகடு திடமாக இருக்கிறது. சத்தம் மழுங்கினால் உள்ளே அரித்துவிட்டது. சைலன்சரில் மட்டும் ஓட்டை தெரிந்தாலும், அதோடு சேரும் குழாயின் முனை மெலிந்திருந்தால் புதுக் கிளாம்ப் இறுகும்போது நசுங்கும், இரண்டையும் மாற்றிவிடுங்கள். கேஸ்கட், கிளாம்ப், ரப்பர் ஹேங்கர், நட்டு, போல்ட் எதையும் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியை ஸ்டாண்டில் இறக்குங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் நுழையக்கூடாது. மேலிருந்து துரு கொட்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டில் குழாயைப் பிடித்திருக்கும் ஸ்டட்தான் (தலையில்லாத போல்ட்) இதில் சிக்கலான இடம். ஆறு பட்டை சாக்கெட் போடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலையை மழுக்கிவிடும். முதலில் ஒரு இழை இறுக்கி, பிறகு தளர்த்தி, முன்னும் பின்னுமாக ஆட்டி எடுங்கள். ஒரே மூச்சில் திருகினால் ஸ்டட் முறியும். மிச்சத்தை டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அசையாத நட்டுக்குச் சூடு கொடுக்கலாம், ஆனால் ஸ்பிரேயைத் துடைத்த பிறகு. பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் பக்கத்தில் அதுவும் வேண்டாம். பின்பக்கத்து போல்ட்டுகளோடு மல்லுக்கட்டாமல் அறுத்துவிடுங்கள், எப்படியும் புதிது போடப்போகிறோம். ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய் வராவிட்டால், வெளிக்குழாயை மட்டும் நீளவாக்கில் கீறி உளியால் நெம்புங்கள்.

புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கக் குழாயில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றப் பெரும்பாலும் 22 மி.மீ. ஸ்பேனர். அதன் முனையில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது.

மாட்டும்போது முன்னிருந்து பின்னாக எல்லாவற்றையும் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் பூட்டுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: முதல் இணைப்பை முழுதாக இறுக்கிவிட்டால், கடைசியில் வால்குழாய் கோணிக்கொண்டு பம்பரில் இடிக்கும். செருகும் இணைப்பில் 40–50 மி.மீ. உள்ளே போகட்டும். ரப்பரை மாட்டச் சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் ஆயில் தடவினால் ரப்பர் ஊதிப்போய்க் கிழியும். பாடி, டேங்க், பிரேக் குழாய் எல்லாவற்றுக்கும் குறைந்தது 20 மி.மீ. இடைவெளி பார்த்து, குழாயைக் கையால் ஆட்டி எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்தபின் முன்னிருந்தே இறுக்கிக்கொண்டு வாருங்கள். யு-போல்ட் கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் குழாய் நெளிந்து, அடுத்த முறை பிரிக்கவே வராது. பட்டைக் கிளாம்ப் கிடைத்தால் அதுவே மேல்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வேறொருவர் தடித்த துணியால் வால்குழாயைச் சில நொடி அடைக்க, இணைப்புகளில் காது கொடுங்கள். ‘புஸ்’ சத்தம் வந்தால் கசிவு. இதைத் திறந்தவெளியிலேயே செய்யுங்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் ஏமாந்து, எஞ்சின் கூடுதல் பெட்ரோல் குடிக்கும்.

முதல் ஓட்டத்தில் புதுப் பாகத்து எண்ணெய் எரிந்து லேசாகப் புகையும், பயப்பட வேண்டாம். சூடேறி ஆறியதும் நட்டுகள் கொஞ்சம் தளரும். 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை எல்லாவற்றையும் ஆறிய நிலையில் இறுக்கிவிடுங்கள்.